கரண்டு போயிடுச்சுப்பா

அம்மாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே சுகம். மேட்டூர் திறந்து, தண்ணீர் நம் வாய்க்கால் வரைக்கும் வந்துவிட்டது.

பாப்பா அன்றைக்குப் போனில், "தாத்தா, கரண்டுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். மின்சாரம் என்று சொல்லிவிட்டேன். அது பாதிதான் சரி. கம்பியில் ஓடுகிறதே, ஆம்பியரில் அளக்கிறோமே, கணக்குப்படி அதுதான் கரண்டு. புத்தகத்தில் மின்னோட்டம் என்று போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஆற்று நீரோட்டத்துக்கும் அதே சொல்தானாம். நம் ஊரில் எல்லாமே கரண்டு. பல்பு மங்கினால் 'கரண்டு கம்மியா இருக்கு' என்பார்கள்; குறைந்திருப்பது வோல்டேஜ். தொட்டுத் தூக்கிப் போட்டால் 'கரண்டு அடிச்சிடுச்சு'. கம்பத்தைச் சிமெண்டில் நட்டாலும் அது கரண்டு மரம்தான். நாற்பது வருஷம் ஒயர்மேனாக இருந்த நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது என்று பாப்பாவிடம் சொல்.

அவள் இன்னொன்றும் சொல்ல ஆரம்பித்தாள், "அப்பா இப்ப வேற வீட்ல..." என்று. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. 'கரண்டு போயிடுச்சுப்பா, அப்புறம் பேசறேன்' என்று மெசேஜ் போட்டாய். சிங்கப்பூரில் கரண்டு போகிறது! சரி, போகலாம். 19 நாளாகிறது.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் நம் தெருவுக்குக் கரண்டு வர 26 நாளாயிற்று. டிராக்டர் பேட்டரியில் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருப்போம், நீ ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவாய். 'வந்துச்சாப்பா?' என்பதுதான் முதல் கேள்வி. கரண்டும் நமக்கு வரும், போகும், மனுஷர் மாதிரி.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல வேண்டாமென்றால் வேண்டாம்.

பத்து வயதில் டெஸ்டர் பிடித்தவள் நீ. பம்புசெட் மோட்டார் உறுமுவதைக் கேட்டே 'ஒரு பேஸ் இல்லப்பா' என்று சொல்வாய். போய்ப் பார்த்தால் பியூஸ் போயிருக்கும். மோட்டாருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் குறையை வாய் திறந்து சொல்லத் தெரியவில்லை. யாரைப் பார்த்து வளர்ந்தாய்?

பாலிடெக்னிக் பாரம் வாங்கி வந்தாயே, எலக்ட்ரிக்கல் படிக்க. தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. கடைசித் தேதி போகும்வரை நான்தான் பீரோவில் வைத்திருந்தேன். பெண்பிள்ளை கரண்டு மரத்தில் ஏறுவாளா என்று நாலு பேர் கேட்பார்களே என்று பயம். பிகாம் சேர்த்தேன். வரன் வந்தது, அனுப்பிவிட்டேன். ஊரில் எத்தனை வீட்டுக்கு லைன் இழுத்தேன், உன் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை மட்டும் மடித்து வைத்தேன். இன்னும் இருக்கிறது.

மாடி ரூமுக்குப் புது ஒயரிங் போட்டேன். ஏசிக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று. எர்த் சரியாக இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் சுவிட்சு. ஆள் சும்மா கிடைத்தான், அதனால் போட்டேன், வேறொன்றுமில்லை.

ஈரக் கை, மறக்காதே.

அப்பா

அம்மாவிடம் பாப்பா சொன்னதைச் சொல்லவில்லை.