மேன் பேஜ் எழுதிய கதை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. கடையில் புது ஜெராக்ஸ் மிஷின் இறக்கியது சந்தோஷம். தவணையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, பரீட்சை சீசன் வந்தால் எடுத்துவிடலாம்.

"இன்னும் அந்த டெபியன் வேலைதானா, காசு ஏதாவது தருகிறார்களா?" என்று கேட்டிருந்தாய். ஒரு பைசா கிடையாது. டெபியன் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், ஆனால் யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம். 1993-ல் தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் என்னைப்போல் ராத்திரி உட்காருகிறவர்களால்தான் அது ஓடுகிறது. யாரோ எழுதிய நிரலை, ஒரே கட்டளையில் டெபியன் ஓடும் எவர் கணினியிலும் ஏறும்படி பொட்டலம் கட்டுவதுதான் என் வேலை.

இந்த முறை கட்டியது, ஸ்கேன் செய்த பக்கங்களைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்கும் சின்ன நிரல். பொட்டலம் ஒரே ராத்திரியில் முடிந்தது. காப்பிரைட் கோப்புக்குத்தான் இரண்டு வாரம். ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று அதில் எழுத வேண்டும். உள்ளே ஓர் ஓரத்தில் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று கிடந்தது, மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலம் இல்லை. மூலம் இல்லாததை டெபியன் ஏற்காது. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டால், "எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை" என்கிறார்! சரி என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டினேன்.

அப்புறம் லின்டியன் கத்தியது, மேன் பேஜ், அதாவது நிரலை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் உதவிப் பக்கம், இல்லையென்று. அது பொட்டலத்தில் குறை தேடும் கருவி, நம் ஹாஸ்டல் வார்டன் மாதிரி. எழுத உட்கார்ந்தேன். '-o' என்ற தேர்வுக்கு "கொடுத்த பெயரில் கோப்பை எழுதும்" என்று எழுதிவிட்டு, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால்? நிரலைப் படித்துப் பார்க்காமல் ஓட்டிப் பார்த்தேன், அதுதான் முட்டாள்தனம். ஒரு வார்த்தை கேட்காமல், அப்பாவின் கிரயப் பத்திர ஸ்கேன் மேலேயே எழுதிவிட்டது. நல்லவேளை, காகிதம் பீரோவில் இருக்கிறது. "எச்சரிக்காமல் அழித்துவிடும்" என்று மேன் பேஜில் எழுதக் கை வரவில்லை. ஆசிரியருக்கே எழுதினேன். மறுநாளே கேட்டுவிட்டு எழுதும்படி மாற்றிவிட்டார். நிரலில் நான் ஒரு வரிகூடத் தொடவில்லை, பார்த்துக்கொள்.

ஆவணத்துக்கும் இங்கே உரிமச் சண்டை உண்டு தெரியுமா? க்னூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தின் கையேடுகள் சிலவற்றில் மாற்றக்கூடாத பகுதிகள் இருக்கின்றன. 2006-ல் ஓட்டெடுப்பு நடத்தி, அப்படிப்பட்டவை சுதந்திரமானவை அல்ல என்று டெபியன் முடிவு செய்தது. அதனால் க்னூவின் ஈமாக்ஸ் என்ற உரை எழுதும் நிரல் டெபியனின் முதன்மைப் பிரிவில் இருக்கிறது, அதன் கையேடு சுதந்திரமில்லாதவற்றுக்கான 'நான்-ஃப்ரீ' பிரிவில்! சுதந்திர மென்பொருளைப் பேசியே வளர்ந்தவர்களின் புத்தகத்துக்கு இந்தக் கதி. எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வருகிறது, ஆனாலும் ஓட்டு சரி என்றே நினைக்கிறேன். திருத்த முடியாத கையேட்டை வைத்து என்ன செய்வது?

பொட்டலம் இப்போது புது வரவுகளின் வரிசையில் காத்திருக்கிறது. அங்கே ஒரு மனிதர் அந்தக் காப்பிரைட் கோப்பைச் சரிபார்த்தால்தான் உள்ளே விடுவார்கள். எப்போது என்று கேட்காதே.

மேன் பேஜைத் தமிழிலும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம்தான். நாளெல்லாம் ஸ்கேனரோடு மல்லுக்கட்டுகிறவன் நீ. புரியாத வரியில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்