செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும், அதையாவது திறந்து பாருங்கள்.

பொங்கல் விழா, ஒளிவிழா, நூல் அறிமுகம் எல்லாம் வழமைபோல் வெள்ளவத்தையில் நடந்தன.

அடுத்தது, பழைய மலர்களையும் கூட்டக் குறிப்புகளையும் தட்டெழுதிப் போட்ட தேடல். "கொழும்பு என்று அடித்தால் ஒன்றுமே வருதில்லை, இதற்கா காசு?" என்று வருடம் முழுக்கக் கேட்டுவிட்டீர்கள். பதிவுகள் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், மைஐசாம் என்ற பழைய வகை அட்டவணையில் இருந்தன. பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் ஒரு சொல் இருந்தால், சாதாரணத் தேடலில் அது அந்தச் சொல்லைக் கணக்கிலேயே எடுக்காது. எங்கள் பதிவுகளில் கொழும்பும் சங்கமும் இல்லாத பக்கம் ஏது? அதே மென்பொருளின் இன்னொரு அட்டவணை வகையான இன்னோடிபிக்கு மாற்றினேன், அதில் அந்தப் பாதிக் கணக்கு இல்லை.

அப்புறம் 'ஒரு', 'இந்த', 'என்று', 'நாமா', 'அவர்களா' போன்ற எங்கும் வரும் சொற்களைப் பட்டியல் போட்டுத் தேடலில் இருந்து நீக்கிவிடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். நீக்கினால் பட்டிமன்றத் தலைப்பு 'நாமா அவர்களா' என்று தேடுபவருக்கு என்ன மிஞ்சும்? இன்னோடிபியோடு வரும் நீக்கற் பட்டியலிலும் 36 சொற்கள்தான், தமிழ் ஒன்றும் இல்லை, நானும் சேர்க்கவில்லை. கணினித் தேடலை ஆராய்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இலேயே சொன்ன வழி போதும்: எத்தனை பதிவுகளில் வருகிறதோ அதற்கேற்ப மதிப்பைக் குறை, அரிய சொல்லுக்குக் கூட்டு. இப்போது 'கொழும்பு வெள்ளம்' என்று தேடினால் வரிசையைத் தீர்மானிப்பது வெள்ளம், கொழும்பு சும்மா கூட நிற்கும். வெள்ளம் கட்டாயம் வேண்டுமென்றால் பூலியன் தேடலில், அதாவது குறிகள் போட்டுத் தேடும் முறையில், அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். 'கொழும்பில்' என்று எழுதியிருப்பது மட்டும் இன்னும் வேறு சொல்லாகவே நிற்கிறது, அது தனி வேலை.

இதெல்லாம் இரவில், என் சொந்த இணையத்தில். கூடச் சரிபார்க்க வருகிறேன் என்றவர்கள் யாரும் வரவில்லை, தேடல் சரியில்லை என்று அதிகம் சத்தம் போட்டவர்களில் பலர் சந்தாவும் கட்டவில்லை.

கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி, விபரம் பொருளாளரிடம். மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தத் தேடல் இயங்கும் சேவரின் வாடகையைப் புதுப்பிக்க வேண்டும். கையில் இருப்பது அதற்குக் காணாது. சந்தாப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.