பறுவத்தண்டு எடுத்தனான்

தம்பி,

சுகமா இருக்கிறியோ. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிறு ராத்திரி, செப்டம்பர் 7, சந்திர கிரகணம், 11 மணியில இருந்து 12 தாண்டியும் சந்திரன் செம்பு மாதிரி நிண்டது, முத்தத்தில கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டே உனக்கு மூண்டு தரம் எடுத்தனான், மணி போகுது நீ எடுக்கேல்ல. உங்க அப்ப பகல் 2 மணி, லீவு நாள், இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். உலகத்தில அந்த நேரம் எங்கெங்க விடியுதோ எங்கெங்க பொழுதுபடுதோ அந்தச் சிவப்பு பூமியின்ர காத்துக்குள்ளால வளைஞ்சு போய்ப் படுறதாலதான் அந்த நிறமாம், அக்காவின்ர மூத்தவள் சொன்னாள். "உன்ர மாமா இதை எட்டாம் வகுப்பிலயே சொல்லித்தந்தவன்" எண்டு உன்னைப் பற்றி அவளுக்குச் சொன்னன். அரிக்கன் லாம்பு சூரியன், உரிச்ச தேங்காய் பூமி, தேசிக்காய் சந்திரன். அப்ப ஏன் பறுவத்துக்குப் பறுவம் கிரகணம் வரேல்ல எண்டு அப்பா மடக்க, தேசிக்காயின்ர பாதை 5 பாகை சரிவு, அனேகமா நிழலுக்கு மேலாலயோ கீழாலயோ போயிடும் எண்டு தூக்கிக் காட்டினாய், மனுசன் வாயடைச்சுப் போனார். இந்த ஆடி அமாவாசைக்கும் நீ இல்லாமல்தான் கீரிமலைக்குப் போனனாங்கள். சரி, அதை விடு.

2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணத்துக்கு நயாகராவில நீங்கள் ரெண்டுபேரும் அட்டைக்கண்ணாடியோட நிண்ட படம் இன்னும் அலுமாரியில ஒட்டியிருக்கு. இங்க அப்ப சாமம், அவ போனில "மாமி பட்டப்பகல் இருட்டுது மாமி" எண்டு கத்தினவ. பிறகு நீ அனுப்பினதெல்லாம் நீ தனிய நிக்கிற படம். நான் ஒண்டும் கேக்கேல்ல. கடைச் சாப்பாடு சாப்பிடாத, நேரத்துக்குச் சாப்பிடு.

ஒண்டு சொல்லோணும். 2010 பட்டிப்பொங்கலண்டு எங்கட யாழ்ப்பாணத்துக்கு மேலாலயே ஒரு கிரகணம் போனது ஞாபகமோ. சந்திரன் தூரத்தில, சின்னனாத் தெரியும், பூமியும் தை மாசம் சூரியனுக்குக் கிட்ட, அதால முழுக்க மூடாமல் வளையமா நிக்கும் எண்டு ஒரு கிழமையாச் சொல்லித் திரிஞ்சனி, கண்ணாடியும் கொண்டந்தனி. கண் பழுதாப் போயிடும் எண்டு நான் உன்னை அறைக்குள்ள விட்டுப் பூட்டினன். பூட்டிப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்க வெளிய போனால், வேம்புக்குக் கீழ மண் முழுக்க வளையம் வளையமா வெளிச்சம், இலை இடுக்கால விழுந்தது, ஆரோ காப்புகளைக் கொட்டிவிட்ட மாதிரி. முடியுமட்டும் நிண்டு பார்த்தனான். நீ கதவில தட்டினது கேட்டது. கேட்டும் திறக்கேல்ல. நிலத்தைப் பாக்கக் கண்ணாடியும் தேவையில்லை, உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். பின்னேரம் என்னம்மா தெரிஞ்சது எண்டு கேட்டாய், ஒண்டும் தெரியேல்ல எண்டு பொய் சொன்னன். 2019 மார்கழியில திரும்ப வளையம் வந்தது, நீ இங்க இல்லை, நான் வெளியில போகேல்ல.

அடுத்த மாசம் ஒழுங்கைப் பெடியன் ஒருத்தன் உங்க வாறான். பருத்தித்துறை வடையும் தூளும் குடுத்துவிடுறன். புழுக்கொடியல் அவவுக்குத்தானே விருப்பம், நீ தொடமாட்டாய். எத்தினை பேருக்குக் கட்டுறது எண்டு மட்டும் சொல்லு.

அம்மா