கயலுக்கு: ஜாஸ் ரெக்கார்டு வாங்குவதற்கு முன்

அன்புள்ள கயல்,

ரெக்கார்டு பிளேயர் வந்துவிட்டது, ஜாஸில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை என்று கேட்டிருந்தாய். பட்டியல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், சுற்றிச் சுற்றி அதே பெயர்கள்தான் வரும். ஆனால் ஒரே ஆல்பம் நாலு பதிப்பில் கிடைக்கும், அதில் ஒன்றிரண்டுதான் உருப்படி. அதனால் கொஞ்சமாகச் சொல்கிறேன், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. அதில் மறுபேச்சே இல்லை. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என இரண்டு நாளில் நியூயார்க்கில் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியின் 30-வது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. முதல் நாள் ஓடிய டேப் மெஷினின் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடும் டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். முப்பது வருஷத்துக்கு மேலாக முதல் பக்கம் முழுவதும் ஏறக்குறைய கால் கட்டை ஏறிய சுருதியிலேயே விற்றார்கள். அன்று காப்புக்காக ஓடிய இன்னொரு மெஷினின் வேகம் சரியாக இருந்தது. அந்த டேப்பை எடுத்து 1992-ல் திருத்திய சி.டி. போட்டார்கள், 1997 மறுபதிப்பும் திருத்தியதுதான். பழைய ரெக்கார்டு வாங்கும்போதுதான் கவனம் தேவை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போனில் சுருதிப்பெட்டி ஆப்பைத் திற. முதலில் இரண்டாம் பக்கத்தில் 'ஆல் ப்ளூஸ்' போட்டு, சுருதியை ஐந்து கட்டைக்கு வை. சேர்ந்தால் உன் பிளேயரின் வேகம் சரி. பிறகு முதல் பக்கத்தில் 'ஸோ வாட்', இரண்டு கட்டை. இது மட்டும் சேராமல் மேலே நின்றால் உன்னிடம் இருப்பது பழைய பதிப்பு. இரண்டுமே சேரவில்லை என்றால் ரெக்கார்டைக் குறை சொல்லாதே, பிளேயரின் பெல்ட்டையும் வேகத்தையும் பார்.

'ஸோ வாட்' பாட்டின் ஸ்வரங்கள் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களேதான், கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதே. ஒரு சுற்று 32 பார், ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை. முதல் 16 பார் இரண்டு கட்டையில், அடுத்த 8 அரைக் கட்டை ஏறி, கடைசி 8 பழைய இடத்துக்கே திரும்பும். பால் சேம்பர்ஸ் வாசிக்கும் பேஸை, அதாவது கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பழகு. அப்புறம் சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேன் எவ்வளவு தூரம் போனாலும் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது உனக்குத் தெரியும்.

அடுத்து ட்யூக் எலிங்டன் குழுவின் நியூபோர்ட் ஜாஸ் விழாக் கச்சேரி, 1956 ஜூலை 7. பால் கான்ஸால்வெஸ் சாக்ஸபோனில் 27 சுற்று ப்ளூஸ் வாசித்துக் கூட்டத்தையே எழுப்பிவிட்ட இரவு. சோதனை என்னவென்றால் அவர் கொலம்பியாவின் மைக்கை விட்டுவிட்டு 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். அந்த வருஷமே வந்த எல்.பி.யில் அவர் தூரத்தில் கேட்பார். அதோடு சில பகுதிகளை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து, கைதட்டலை மேலே ஒட்டி விற்றார்கள். பிற்பாடு வானொலி டேப் கிடைத்து, இரண்டு டேப்பையும் ஒத்திசைத்து 1999-ல் இரண்டு சி.டி.யாகப் போட்டார்கள். அதைத்தான் வாங்கு. எல்.பி. என்றால்தான் ஒசத்தி என்ற பிடிவாதம் இங்கே செல்லாது.

பேஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்' (1959) ஆல்பத்திலும் கத்தரி விழுந்திருக்கிறது. எல்.பி.யில் இடம் பற்றாமல் ஒவ்வொருவரும் தனியாக வாசிக்கும் சோலோக்களை வெட்டினார்கள், 1998 சி.டி.யில் அவை திரும்பச் சேர்ந்தன. எனக்கு முழுசுதான் பிடிக்கும். அதில் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' கேட்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்: லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளை நுழையவிடாமல் தடுத்த ஆர்க்கன்ஸா ஆளுநர்தான் ஃபாபஸ். கொலம்பியா பதிப்பில் பாட்டு வரிகள் இல்லை. 1960-ல் கேண்டிட் கம்பெனிக்காகப் பதிந்ததில்தான் வரிகள் இருக்கின்றன.

கோல்ட்ரேனில் 'எ லவ் சுப்ரீம்' முதலில். நாலாவது பகுதியில், நாகஸ்வரக்காரர் சாகித்தியத்தை மனசில் வைத்து வாசிப்பதுபோல, அட்டையில் அச்சிட்ட தன் கவிதையைச் சொல் சொல்லாக சாக்ஸபோனில் வாசிக்கிறார். அதனால் கவிதை அச்சிட்ட அட்டையோடு வரும் பதிப்பாகப் பார்த்து எடு, வரியை வைத்துக்கொண்டு கேள். 'அசென்ஷன்' இப்போதைக்கு வேண்டாம். பதினோரு பேர் சேர்ந்து நாற்பது நிமிஷம் வாசிப்பது, பயந்துவிடுவாய்.

அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971) பட்டியல்களில் பின்னால் தள்ளப்படும், நான் முன்னால் வைப்பேன். தலைப்பில் இருப்பவர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. தம்பூராவும் ஹார்ப்பும் மேலே மிதக்க, செசில் மெக்பீயின் பேஸ் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்து எல்லாவற்றையும் தாங்கும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் அந்த பேஸ் காணாமல் போய்விடும், மிச்சம் இருப்பது வெறும் ஊதுவத்தி வாசனைதான். நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ கேள்.

பியானோக்காரர் பில் எவான்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பதிவானது. பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரு நாளில் கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. மெல்லிய வாசிப்பு, பின்னால் கிளாஸ் சத்தம்கூடக் கேட்கும். பழைய ரெக்கார்டின் கரகரப்பு இதை முழுசாகக் கெடுத்துவிடும். சுத்தமான புதுப் பதிப்போ சி.டி.யோ எடு.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களோடு செய்த (1925-28) பதிவுகளைக் கண்டிப்பாக சி.டி.யில் வாங்கு. இரைச்சலை அதிகமாகத் துடைத்தெடுத்த பதிப்புகளில் ட்ரம்பெட்டின் மினுக்கமும் சேர்ந்தே போயிருக்கும். லேசாக இரைச்சல் கேட்கிறதே என்று ஒதுக்காதே, அதுதான் நல்லது.

கடைசியாக, கடையில் ஏமாறாமல் இருக்க. 1963-க்கு முன் வெளிவந்த பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் சி.டி.யிலிருந்து எடுத்து எல்.பி. அடிக்கலாம், '180 கிராம்' என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். எடைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. எந்த டேப்பிலிருந்து எடுத்தது, அச்சுக்கு முன் ஒலியைச் சீர்செய்யும் மாஸ்டரிங் வேலையை யார் செய்தது என்று அட்டையில் ஒரு வரிகூட இல்லையென்றால் வைத்துவிடு. ப்ளூ நோட் கம்பெனி ஆல்பங்களுக்கு 'டோன் பொயட்', 'கிளாசிக் வைனல்' என்ற இரண்டு வரிசையும் நம்பலாம். முதலாவது விலை கூட, இரண்டாவதே போதும். அந்த வரிசையில் ஆர்ட் ப்ளேக்கியின் 'மோனின்' ஆல்பத்தில் ஆரம்பி.

உன் பிளேயரில் ஏடி-விஎம்95இ ஊசிதானே? அது ரெக்கார்டை அழுத்தும் எடை 2 கிராமில் நிற்கிறதா என்று தராசு வைத்துப் பார்த்துவிட்டு எழுது. குறைவாக வைத்தால் ரெக்கார்டு தேயாது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. ஊசி பள்ளத்தில் உட்காராமல் குதிக்கும், அதில்தான் பள்ளம் கெடும்.

அன்புடன்,
அம்மா