66 ஆசனத்தோட ஒரு ஜனாதிபதி

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் மேசையில கிடந்து தூசி பிடிக்குதெண்டு மனிசி ஏசுறா. இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவின்ர கண் ஒப்பரேசன் சரிவந்ததெண்டு தங்கச்சி சொன்னவ, சந்தோசம்.

இனி விசயத்துக்கு வாறன். "2005 ஜனாதிபதித் தேர்தலில வடக்கு வாக்குப் போட்டிருந்தா ரணில் வெண்டிருப்பார், அவ்வளவுதான் கதை" எண்டு ஒரு வரியில முடிச்சுப்போட்டாய். கணக்கு வாத்தியார் பார்த்திருந்தா உன்னை வாங்கில் மேல ஏத்தியிருப்பார்.

வெண்ட மஹிந்த ராஜபக்சவுக்கு 4,887,152, ஐக்கிய தேசியக் கட்சியின்ர (ஐ.தே.க.) ரணிலுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. செல்லுபடியான வாக்கு 9,717,039. அதில பாதியை மஹிந்த தாண்டினது 28,632ஆலதான். மற்றாக்களுக்கு இன்னும் 57,265 வாக்கு விழுந்திருந்தா 50 வீதத்துக்கு மேல அவர் நிண்டிருக்கேலாது. புலிகளின்ர பகிஷ்கரிப்பால யாழ்ப்பாணத்தில பதிவில இருந்த 701,938 பேரில வாக்குப் போட்டது 8,524 பேர். இதுவரைக்கும் உன்ர கதை சரி. ஆனா பாதிக்குக் கீழ இறங்கினாப்போல தோல்வி இல்லையடா. முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரையும் நீக்கி, அந்தச் சீட்டுகளின்ர விருப்பு வாக்கை (இரண்டாம், மூண்டாம் தெரிவை) எண்ணுவினம். மிச்ச 11 வேட்பாளருக்கும் சேர்த்து விழுந்ததே 123,521. எங்கட சனம் ஒண்டை மட்டும் போட்டிட்டு வாற சனம். 2024இல நீக்கின 33 இலட்சம் சீட்டில, மிஞ்சின இரண்டு பேருக்கும் போன விருப்பு வாக்கு வெறும் 273,131. அதால அந்த வித்தியாசத்தை அடைக்க ரணிலுக்கு உண்மையில தேவைப்பட்டது 57,265 இல்லை, ஒண்டே முக்கால் இலட்சத்துக்குக் கிட்ட.

சரி, அதை விடு. நீ தொடாமல் விட்ட இடம்தான் எனக்குப் பெரிசு. வெண்ட மனிசனுக்குப் பாராளுமன்றத்தில என்ன இருந்தது? 2004இல அவரின்ர ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு எடுத்தது 105 ஆசனம். அதில ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) 39. சுனாமி நிவாரணத்துக்குப் புலிகளோட சேர்ந்து போட்ட பொதுக்கட்டமைப்பைச் சாட்டி அவை 2005 ஜூனில வெளியால போட்டினம். மிச்சம் 66. பெரும்பான்மைக்குத் தேவை 113. செப்டெம்பரில மஹிந்த ஜே.வி.பி.யோடயும் பிக்குமாரின்ர கட்சியான ஹெல உறுமயவோடயும் ஒப்பந்தம் போட்டார்: ஒற்றையாட்சி, பொதுக்கட்டமைப்புக்கு முழுக்கு. உறுமயவுக்கு 9. கூட்டிப் பார், 114! ஒரு ஆள் கோவிச்சாப் பெரும்பான்மை ஊசலாடும். இந்த நிலைமையில சின்னக் கட்சி சொன்னதுதான் விலை.

விலை கூடினா மனிசன் வேற கடை பார்ப்பான்தானே. மலையகத்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் முந்தியே ஏறிட்டுது. 2007 ஜனவரியில கரு ஜயசூரிய ஐ.தே.க.வில இருந்து ஒரு கூட்டத்தையே கொண்டு வந்தார். ரணிலுக்கு மேடை ஏறின முஸ்லிம் காங்கிரஸும் அதே நேரம் வந்து சேர்ந்தது. தாவினவை ஏன் பயப்பிடேல்லை? அரசியலமைப்பின்ர 99(13)ஐப் பார். கட்சி நீக்கினா, ஒரு மாதத்துக்குள்ள உயர் நீதிமன்றம் போகலாம். நீக்கம் செல்லாதெண்டு தீர்ப்பு வந்தா ஆசனம் தப்பும். அமைச்சர் பதவி கையில, ஆசனமும் பத்திரம்.

அதோட ஜே.வி.பி.யின்ர 39க்கு மவுசு போச்சு. 2008இல விமல் வீரவன்ச ஒரு துண்டை உடைச்சுக்கொண்டு போனார். மஹிந்தவின்ர 2005 பிரசாரத்தை நடத்தின மங்கள சமரவீரவே 2007 பெப்ரவரியில வெளியால. 2010 ஜனாதிபதித் தேர்தலில பார்த்தா ஜே.வி.பி.யும் ஐ.தே.க.வும் முன்னாள் இராணுவத் தளபதி பொன்சேகாவுக்காக ஒரே பக்கம், எங்கட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அந்தப் பக்கம்! 2005இல ஆரும் இதைச் சொல்லியிருந்தா நீயும் நானும் சிரிச்சிருப்பம்.

இப்ப பகிடி இல்லாமல் ஒண்டு சொல்லுறன். மயிரிழையில தோத்தது ஐ.தே.க.வுக்கு விசமாப் போச்சு. பெரிய தோல்வியெண்டா தலைவரை மாத்தியிருப்பினம். "பகிஷ்கரிப்பு இல்லாட்டி வெண்டிருப்பம்" எண்டு ஆறுதல் சொல்ல ஒரு வரி கிடைச்சதால, தெற்கில கிராமத்துச் சிங்கள வாக்கு ஏன் விலகிப் போகுதெண்டு கேக்கவே இல்லை. 2020இல சஜித் பிரேமதாச பிரிஞ்சு போக, அந்தப் பெரிய கட்சிக்கு மிஞ்சினது ஒரு தேசியப்பட்டியல் ஆசனம். அவையள் சொல்லிக்கொண்டு திரிஞ்ச அதே வரியைத்தான் நீ எனக்கு எழுதியிருக்கிறாய், மச்சான்.

மறுப்பிருந்தா எண்களோட எழுது. சின்னவனை விசாரிச்சதாச் சொல்லு.

உன்ர,
பழைய வாங்கில்காரன்