கடைசி ஆண்டு யாருடையது?

ஸ்காபரோ,
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாலை வேளைகளில் முற்றவெளிப் பக்கம் நடந்துவரத் தொடங்கியிருக்கிறீர் என்று அறிந்து மகிழ்ந்தேன். என் முழங்காலும் அதே வழியில்தான் போகிறது. பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் நாம் பந்தாடிய கடனை உடம்பு இப்போது வட்டியோடு கேட்கிறது போலும். வீட்டுச் செய்திகளை மனைவி தனியாக எழுதுவதாகச் சொல்லியிருப்பதால், கடிதத்தின் இறுதியில் நீர் கிளப்பிய வழக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கு கூடைப்பந்து வீரர் கவாய் லெனார்டைப் பற்றியது. 2019 ஜூன் 13 அன்று ரொறன்ரோ ரப்ரர்ஸ் அணி முதன்முறையாக என்.பி.ஏ. என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியின் கிண்ணத்தை வென்றபோது, அதன் பெரும் பங்கு அவருடையது. நான்கு நாள் கழித்து நடந்த வெற்றி ஊர்வலத்தில் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நெரிபட்டேன். ஜூலை முதற்கிழமை கடப்பதற்குள் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்குப் போகிறார் என்ற செய்தி வந்துவிட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நீர் எழுதியிருக்கிறீர். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். நாற்பது ஆண்டுகள் நொத்தாரிசாக இருந்து காணி உறுதியும் குத்தகை உறுதியும் எழுதிய நீர், அவருடைய ஒப்பந்தத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்தச் சொல்லைத் தொட்டிருக்க மாட்டீர் என்பதே என் வாதம்.

ஐரோப்பியக் கால்பந்தில் செய்வதுபோல் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து ஒருவரைப் பெயர்த்தெடுக்கும் வழக்கம் என்.பி.ஏ.யில் இல்லை. இங்கே கைமாறுவது வீரரின் ஒப்பந்தம். எழுதிய சம்பளம், எழுதிய ஆண்டுகள், எழுதிய நிபந்தனைகள் யாவும் மாறாமல் புதிய அணியின் தலையில் வந்து இறங்கும்; பதிலுக்குப் பழைய அணிக்கு வேறு வீரர்களின் ஒப்பந்தங்களோ, புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட் உரிமைகளோ போகும். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு விதித்த உச்சவரம்பைத் தாண்டிய அணி, தான் பெறும் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தை அனுப்பியாக வேண்டும் என்பதும் விதி. இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் கடைசி ஆண்டுக்கு மட்டும் ஒப்ஷன் என்ற தெரிவுரிமை எழுதப்பட்டிருக்கும். அந்த ஆண்டு நடைமுறைக்கு வருமா, வராதா என்பதை ஒரு தரப்பு மட்டும், பெரும்பாலும் ஜூன் மாத முடிவுக்குள், தீர்மானிக்கலாம். சிலவற்றில் அந்த உரிமை வீரரிடம் இருக்கும், சிலவற்றில் அணியிடம். குத்தகைக்காரரே கடைசி ஆண்டு இருப்பதா, எழும்புவதா என்று முடிவுசெய்யலாம் என நீர் உறுதியில் ஒரு வரி சேர்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே ஆகிறது.

லெனார்ட் 2015 இல் சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியோடு எழுதிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு 2019-20. அதற்கான சம்பளம் 21.3 மில்லியன் டொலர், தெரிவுரிமை அவருடையது. அந்த ஆண்டில் வெளிச்சந்தையில் அவருக்கு 32 மில்லியனுக்கு மேல் கிடைக்கும் என்பது கணக்குத் தெரிந்த எல்லோருக்கும் வெளிச்சம். அவர் ஸ்பேர்ஸை விட்டுப் போக விரும்பியதும் ஊரறிந்த செய்தி. ஆகவே 2018 ஜூலை 18 அன்று ரொறன்ரோ அவரைப் பெற்றபோது, உறுதியாகப் பெற்றது ஒரே ஒரு பருவகாலத்தை மட்டுந்தான். கொடுத்த விலையும் அதற்கேற்றதே: ஒன்பது பருவகாலம் இங்கே ஆடிய டெமார் டிரோசன், இளம் வீரர் யாக்கொப் பேர்ட்டில், நிபந்தனையோடு கூடிய ஒரு முதற்சுற்று ட்ராஃப்ட் உரிமை. நான்கு ஆண்டு எஞ்சிய ஒப்பந்தத்தோடு லெனார்ட் விற்பனைக்கு வந்திருந்தால் இந்த விலைக்கு ஸ்பேர்ஸ் அவருடைய காலணியைக்கூடக் கொடுத்திராது. போகக்கூடியவர் என்பதால்தான் அவர் நமக்கு எட்டினார். போய்விட்டாரே என்று குறைசொல்லும் நாம், அந்தக் குறை, விலையில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்ததை மறந்துவிடுகிறோம்.

உம்மைப்போல் உறுதி வாசிப்பவருக்குச் சுவையான ஒன்றும் அந்தப் பரிமாற்றத்தில் உண்டு. லெனார்டோடு கூடவந்த டனி கிறீன், சில கிழமைக்கு முன்னர்தான் 10 மில்லியன் டொலர் தெரிவுரிமையைப் பயன்படுத்தி ஓராண்டு நீடித்திருந்தார். எதிர்த்திசையில் போன டிரோசனின் ஒப்பந்தத்திலும் 2020-21 க்கு 27.7 மில்லியன் டொலர் தெரிவுரிமை இருந்தது. அதை ரொறன்ரோவில் எழுதினார், சான் அன்ரோனியோவில் பயன்படுத்தினார். எழுதிக்கொடுத்த அணி ஒன்று, பணம் கட்டிய அணி வேறொன்று. இரண்டகம் என்ற சொல்லை யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும் என்றால், இந்த ஊரை விட்டுப் போக விரும்பாத டிரோசனின் பக்கம் நின்று கொடும். என் பேரன் அவருடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்ற மறுத்து ஒரு மாதம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை, ஏதோ நான்தான் கையெழுத்திட்டவன்போல.

இதே வகைப் பந்தயத்தை அதற்கு முந்திய ஆண்டு ஒக்லஹோமா சிற்றி தண்டர் அணி வைத்திருந்தது. இந்தியானா பேசர்ஸின் போல் ஜோர்ஜ், 2018 இல் தம் தெரிவுரிமையைக் கொண்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறப்போவதாக முன்கூட்டியே அறிவித்தார். கையில் ஓராண்டு மட்டும் மிஞ்சியிருந்த பேசர்ஸ், 2017 கோடையில் விக்ரர் ஒலடிப்போவையும் டொமான்ரஸ் சபோனிசையும் வாங்கிக்கொண்டு அவரைக் கொடுத்துவிட்டது. அடிமாட்டு விலை என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒலடிப்போ அடுத்த பருவகாலத்திலேயே பெரிய வீரரானார். ஜோர்ஜும் சொன்னபடி வெளியேறித் தண்டரோடேயே புதிய ஒப்பந்தம் எழுதினார். ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதென்றால் ஊரை விட்டுப் போவதென்று பொருளில்லை என்பதற்கு இது சாட்சி.

கதை அத்தோடு நிற்கவில்லை. லெனார்டைக் கவர்வதற்காகக் கிளிப்பர்ஸ் 2019 இல் அதே ஜோர்ஜைத் தண்டரிடமிருந்து பெற்றது. கொடுத்த விலை ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதற்சுற்று ட்ராஃப்ட் உரிமைகள், அவற்றுக்கு மேல் ட்ராஃப்ட் இடத்தை மாற்றிக்கொள்ளும் இரண்டு மாற்றுரிமைகள். 2024 இல் ஜோர்ஜிடம் 48.8 மில்லியன் டொலர் தெரிவுரிமை இருந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டு வேறிடத்துக்கு மாற்றப்படுவதைப் பற்றிக் கோல்டன் ஸ்ரேற் அணியோடு பேச்சு நடந்ததாகச் செய்தி வந்தது, அது கைகூடவில்லை. அவர் வெளியேறிப் பிலடெல்பியாவுடன் எழுதிக்கொள்ள, கிளிப்பர்ஸுக்குக் கிடைத்தது வெறுங்கை. ஹமில்ரனில் வளர்ந்த நம் கில்ஜஸ்-அலெக்சாண்டரோ இந்த ஆண்டு சிறந்த வீரர் விருதையும் பெற்று, ஜூனில் தண்டருக்குக் கிண்ணத்தையும் வென்று கொடுத்துவிட்டார்.

ஏற்றுக்கொண்டு மாற்றப்படுவது என்றேன். அந்தத் தந்திரத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் தெரிவுரிமையின் முழு வலுவும் தெரிகிறது. 2017 ஜூனில் கிறிஸ் போல் ஹூஸ்ரன் ரொக்கெற்ஸுக்குப் போக விரும்பினார். கிளிப்பர்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளிச்சந்தைக்கு வந்தால் அவர் ஏறத்தாழ 35 மில்லியன் டொலர் வரை கேட்கலாம்; ஆனால் ஹூஸ்ரனின் சம்பளக் கணக்கில் அதற்கு இடம் இல்லை. ஆகவே அவர் வெளியேறாமல், 24 மில்லியனைச் சற்றுத் தாண்டிய தம் கடைசி ஆண்டை ஏற்றுக்கொண்டார். அந்த நொடியில் அவர் மீண்டும் கைமாற்றக்கூடிய ஒப்பந்தம் ஆனார். உச்சவரம்பில் இடம் தேவையில்லை, சம்பளம் ஈடாகினால் போதும். அந்த ஈட்டைச் சேர்ப்பதற்காக ஹூஸ்ரன், சிறு சம்பள வீரர்கள் சிலரைப் பிற அணிகளிடமிருந்து பணம் கொடுத்துத் திரட்டிக்கொண்டது. ஏழு வீரர்களும் ஒரு முதற்சுற்று உரிமையும் கிளிப்பர்ஸுக்குப் போயின. விட்டுக்கொடுத்த பணத்துக்குக் கிறிஸ் போல் பெற்ற பலன் ஓராண்டு கழித்துத் தெரிந்தது. பழைய நட்சத்திர வீரர் லரி பேர்ட்டின் பெயரால் வழங்கும் ஓர் உரிமை உண்டு. ஓர் அணி தன் சொந்த வீரரை உச்சவரம்பைத் தாண்டியும் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். பரிமாற்றத்தில் அந்த உரிமையும் வீரரோடு கூடவே போகும். 2018 இல் அதைக் கொண்டே ஹூஸ்ரன் அவருக்கு நான்கு ஆண்டுக்கு 160 மில்லியன் டொலர் எழுதியது.

கிளிப்பர்ஸ் ஏன் இதற்கு உடன்பட்டது என்று கேட்பீர். உடன்படாவிட்டால் அவர் சும்மா போய்விடக்கூடும் என்பதால்தான். ஆனால் கையெழுத்திட்ட பிறகு அந்தப் பயமுறுத்தல் வீரரின் கையை விட்டுப் போய்விடுகிறது. ஜேம்ஸ் ஹார்டன் அதை 2023 இல் கற்றுக்கொண்டார். பிலடெல்பியாவில் 35.6 மில்லியன் டொலர் தெரிவுரிமையை ஏற்றுக்கொண்டு, கிளிப்பர்ஸுக்கு மாற்றும்படி கேட்டார். அணி நிர்வாகத்தின் தலைவர் டரில் மோரி அவசரப்படவில்லை. ஓகஸ்ற்றில் சீனாவில் மேடையேறி மோரியைப் பொய்யர் என்று ஹார்டன் சொல்ல, ஒரு இலட்சம் டொலர் தண்டம் விழுந்தது. பருவகாலம் தொடங்கிய பின்னர், ஒக்டோபர் முடிவில்தான் மாற்றம் கைகூடியது. விலை பேசி முடிக்காமல் உறுதியில் ஒப்பமிட்டு வந்த கட்சிக்காரர்களைப் பற்றி நீர் முன்பு சொல்லிச் சிரிப்பீரே, அவர்களுடைய நினைவுதான் வந்தது.

தெரிவுரிமை எப்போதும் வீரர் போய்விடுவார் என்ற பயத்தைத்தான் தரும் என்றில்லை. போகவே மாட்டார் என்ற பயம் அதைவிடப் பெரியது. 2020 டிசம்பரில் ஹூஸ்ரனும் வோஷிங்ரனும் ரசல் வெஸ்ற்புறூக்கையும் ஜோன் வோலையும் மாற்றிக்கொண்டன. இருவரின் ஒப்பந்தங்களும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. இரண்டிலும் 2022-23 க்கு 47 மில்லியன் டொலரைத் தாண்டிய வீரர் தெரிவுரிமை இருந்தது. அவ்வளவு பணம் வெளியே ஒருவரும் கொடுக்க மாட்டார்கள் என்ற நிலையில் யார் எழும்பிப் போவார்? இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். வோலைப் பணம் பேசி விடுவித்தார்கள். வெஸ்ற்புறூக்கை, இடையில் அவரைப் பெற்றிருந்த லேக்கர்ஸ் 2023 பெப்ரவரியில் தள்ளிவிட்டது. என் கணிப்பில், மூப்படையும் வீரருக்கு எழுதிக்கொடுக்கும் கடைசி ஆண்டுத் தெரிவுரிமைதான் ஒப்பந்தத்திலேயே விலை கூடிய வரி. நன்றாக ஆடினால் அவர் போய்விடுவார், ஆடாவிட்டால் இருந்துவிடுவார். இரண்டிலும் நட்டம் அணிக்கே.

அணியின் கையில் தெரிவுரிமை இருக்கும்போது காட்சி தலைகீழ். முதற்சுற்றில் தேர்ந்த புதுமுகங்களின் மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பத்தில் இருப்பவை. பீனிக்ஸ் அணி 2020 இல் பத்தாவதாகத் தேர்ந்த ஜலன் சிமித்தின் மூன்றாம் ஆண்டை மறுத்துவிட்டு, சில மாதத்தில் அவரை இந்தியானாவுக்கு அனுப்பியது. அங்கே அவர் நன்றாக ஆடினார். ஆனால் மறுக்கப்பட்ட அந்த ஆண்டின் சம்பளமான ஏறத்தாழ 4.7 மில்லியன் டொலருக்கு மேல் முதலாண்டில் கொடுக்க இந்தியானாவுக்கு உரிமையில்லை, மறுத்தது வேறோர் அணியாக இருந்தபோதும். பழைய வீட்டுக்காரரின் முடிவு புதிய வீட்டுக்காரரின் கையைக் கட்டிவிட்டது.

இரண்டு வகையையும் ஒரே ஆளில் பார்க்க விரும்பினால், நம் ஃபிரெட் வான்விலீற் இருக்கிறார். 2023 கோடையில் 22.8 மில்லியன் டொலர் தெரிவுரிமையை அவர் மறுப்பார் என்பது தெரிந்தும், பெப்ரவரிப் பரிமாற்றக் கெடுவுக்குள் ரொறன்ரோ அவரை மாற்றவில்லை. கெடு கடந்தால் வழியும் அடைபட்டுவிடும்: ஜூனில் ஒப்பந்தம் முடியக்கூடியவரை, அவர் தெரிவுரிமையை ஏற்றாலன்றி மாற்ற முடியாது. அவர் ஹூஸ்ரனுக்குப் போனார், நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. லெனார்டுக்காக உம்மோடு சேர்ந்து நான் வருந்த மாட்டேன். இதற்காக வருந்துவேன், ஏனெனில் இங்கே கிண்ணமும் இல்லை. ஹூஸ்ரன் தன் ஒப்பந்தத்தில் மூன்றாம் ஆண்டை அணியின் தெரிவாக எழுதிக்கொண்டது. இந்த ஜூனில் 44.9 மில்லியன் டொலரை மறுத்து, ஈராண்டுக்கு 50 மில்லியன் என்று புதிதாக எழுதியது. இம்முறை இரண்டாம் ஆண்டு வீரரின் தெரிவு. தெரிவு ஆண்டைக் கழித்தால் மிஞ்சுவது ஓராண்டு ஒப்பந்தம் என்பதால், மாற்றினால் பேர்ட் உரிமையை இழக்கும் அவருடைய சம்மதமின்றி இந்தப் பருவகாலத்தில் அவரை மாற்ற விதி இடம் கொடுப்பதில்லை. சென்ற மாதம் பாவம், முழங்கால் தசைநார் அறுந்துபோனது. அடுத்த கோடையில் அந்தத் தெரிவை அவர் ஏற்பார் என்று பேரன் பந்தயம் பிடிக்கிறான்.

உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். குத்தகைக்காரருக்கே கடைசி ஆண்டுத் தெரிவைக் கொடுத்து நீர் எப்போதாவது உறுதி எழுதியதுண்டா? எழுதியிருந்தால், இடையில் காணியை வாங்க வந்தவர் அந்த வரிக்காக எவ்வளவு விலை குறைத்துக் கேட்டார் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதும். பேரனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உமது பழைய பந்தாட்டத் தோழன்