மலையை விட்டு இறங்கியவர்களையும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இ-பாஸ் எடுத்து நீலகிரிக்கு வந்த வாகனங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படித்தேன். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்குப் பதிவு இருக்கிறது. இங்கிருந்து இறங்கிப் போன குடும்பங்களுக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை.

2001-ல் இந்த மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394 பேர். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் எங்களுடையது மட்டும்தான். 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தது. அப்புறம் அவ்வப்போது ஏறினாலும் நிலைக்கவில்லை. உரத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் போக கையில் ஒன்றும் நிற்காதபோது அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள்.

கோத்தகிரி பக்கம் எங்கள் வரிசையில் 11 வீடுகள். நான்கு பூட்டிக் கிடக்கின்றன. நான்கின் சாவியும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அம்மா போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வருவார், இல்லாவிட்டால் சுவரெல்லாம் பூஞ்சை. ஒரு வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு வந்து எரிக்கலாம் என்று விறகு அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். போன மாதம் பார்த்தபோது அதில் காளான் முளைத்திருந்தது.

எதிர்ச் சரிவில் தேயிலைச் செடியைப் பிடுங்கிய இடத்தில் பங்களாக்கள் எழும்புகின்றன. சென்னை, பெங்களூருக்காரர்கள் மே மாதம் ஒரு வாரம் வந்து தங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சம்பாதிப்பதும் செலவழிப்பதும் அங்கே. இங்கே வந்து சேர்வது காவலாளி சம்பளமும் தண்ணீர் லாரி வாடகையும்தான். சென்ட் விலை மட்டும் அவர்கள் வருமானத்துக்கு ஏற்ப ஏறிவிட்டது. இறங்கிப் போனவர் மனம் மாறித் திரும்பினாலும் இனி ஒரு சென்ட் வாங்க முடியாது.

அமெரிக்காவில் வருமான வரித் துறையே இதைக் கணக்கெடுக்கிறது. வரிக் கணக்கில் முகவரி மாறியதை வைத்து, ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எத்தனை குடும்பங்கள் வந்தன, எத்தனை போயின, அவர்களுடைய வருமானம் எவ்வளவு என்று புள்ளிவிவரம் வெளியிடுகிறது. இங்கே வரிக் கணக்கு காட்டுவோர் குறைவு, சரி. ரேஷன் கார்டு இருக்கிறதே! 2020-லிருந்து எந்த ஊர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்களின் கார்டு இன்னும் கோத்தகிரியில் இருக்கிறது, கைரேகை வைப்பது திருப்பூர்க் கடையில். கடை இயந்திரத்துக்குத் தெரிந்தது மாவட்ட நிர்வாகத்துக்கு ஏன் தெரியக்கூடாது? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பள்ளிகள் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழ்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ல். அதில் எங்கள் வரிசையின் நான்கு வீடுகளும் ‘பூட்டிய வீடு’ என்று பதிவாகும், அவ்வளவுதான். அதற்கு முன்பே ரேஷன் கணக்கை வட்டவாரியாகத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி